அவநம்பிக்கை: ஒரு சொல்லின் பொருளும் ஊவாத் தோட்டங்களில் அதன் வழக்கும்

(மொனராகலையில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரேயொரு சொல்லைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவது இலக்கண ஆசிரியர்களுக்கு மட்டுமே உரிய பொழுதுபோக்கு என்று உங்களிற் பலர் எண்ணக்கூடும்; ஆயினும், ஒரு சமூகத்தைக் குறித்துப் பிறர் இடைவிடாது வழங்கும் சொல் எதுவோ, அச்சொல்லை அந்தச் சமூகத்தார் ஒருமுறையேனும் எடுத்து வைத்து ஆராய்ந்து, அது தமக்குப் பொருந்துமா என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டியது அவசியம் என்பது என் அபிப்பிராயம். அத்தகைய சொற்களுள் ஒன்று அவநம்பிக்கை. மலையகத் தமிழரைப் பற்றி எழுதப்படும் அறிக்கைகளிலும், பத்திரிகைத் தலையங்கங்களிலும், தேர்தற்கால மேடைகளிலும், தோட்ட மக்களிடையே அவநம்பிக்கை நிலவுகிறது என்றும், அந்த அவநம்பிக்கையைக் களைய வேண்டும் என்றும், ஏதோ ஒரு தொற்றுநோயைப் பற்றிப் பேசும் தொனியில் இச்சொல் பிரயோகிக்கப்படுவதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். இப்பிரயோகம் பொருத்தமற்றது என்பதும், நம் மக்கள் தம் நாவினால் வழங்கும் சொற்களே இவ்விஷயத்தில் அதிக நுட்பமும் அதிக உண்மையும் உடையவை என்பதுமே நான் இன்று சொல்ல வந்தவை.

முதலிற் சொல்லின் அமைப்பைப் பார்ப்போம். நம்பிக்கை என்பது தமிழ். அதன் தலையில் ஏறியிருக்கும் 'அவ' என்பது, அவமானம், அவமரியாதை, அவகீர்த்தி முதலிய சொற்களிற் காணப்படும் வடமொழி முன்னொட்டு. இழிவு, தாழ்வு, கீழ்நோக்கிய இயக்கம் ஆகியவற்றை அது உணர்த்தும். தமிழிலும் 'அவம்' என்றொரு சொல் பழமையாகவே நிலைபெற்று விட்டது. வள்ளுவர் தவம் செய்வார் வினையையும் மற்றையோர் வினையையும் வேறுபடுத்துமிடத்துப் பின்னதை அவம் என்றே சுட்டுகின்றார். அங்கே அது வீண் செயல் என்னும் பொருளது. ஆகவே அவநம்பிக்கை என்ற கூட்டில், நம்பிக்கை இல்லை என்பதற்கு மேலாக, நம்பிக்கைக்கு எதிரான ஒரு கெட்ட குணம் உண்டு என்ற சாயை படிந்துவிடுகிறது. நம்பிக்கையின்மை என்பது ஒரு பொருளின் இன்மையை மட்டும் கூறும். நம்பிக்கையிழப்பு என்பது இருந்த பொருள் போயிற்று என்ற சரித்திரத்தைக் கூறும். அவநம்பிக்கையோ, முன்பு இருந்ததா, பின்பு போயிற்றா, யாரால் போயிற்று என்ற விசாரணைக்கு இடங்கொடாமல், சந்தேகிப்பவனுடைய சுபாவத்தையே குற்றஞ் சாட்டி நிற்கும். ஒருவன் அவநம்பிக்கை உடையவன் என்றால், அவனை ஏமாற்றியவன் அந்த வாக்கியத்திற்குள் எங்கும் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி நம்பு என்ற வேர். இது பற்றித் தொல்காப்பியர் உரியியலிற் சொல்லியிருப்பது, முதன்முறை படிப்பவர்க்கு வியப்பைத் தரும். நம்பு என்னும் உரிச்சொல்லுக்கும் மேவு என்னும் உரிச்சொல்லுக்கும் அவர் கூறும் பொருள் ஒன்றே. அது நசை, அதாவது விருப்பம். இன்று நாம் நம்பிக்கை என்று சொல்லும் கருத்துக்குப் பழந்தமிழர் வழங்கியவை தேறுதல், தெளிதல் என்பன. ஆராய்ந்து ஐயம் நீங்கிய பின் ஒருவன்மேல் வைக்கும் உறுதியே தெளிவு. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே உண்டென்பதும், அதன் இறுதிப் பாட்டில் ஆராயாமல் ஒருவனைத் தெளிவதும், தெளிந்த பின் அவன்மேல் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்று கூறப்பட்டிருப்பதும் மாணவர் அறிந்தவை. காலப்போக்கில் தேறு, தெளி என்பன வேறு அர்த்தங்களுக்குப் பெயர்ந்து போக, விருப்பத்தைக் குறித்த நம்பு வந்து அவ்விடத்தில் அமர்ந்துகொண்டது. ஆராய்ச்சியின் ஆசனத்தில் ஆசை அமர்ந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்த அர்த்தபேதத்தை நம் முன்னோர் கதையோடு சேர்த்துப் பாருங்கள். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் ஜாதிக் கொடுமையாலும் நெருக்குண்டு கங்காணியின் பின்னே புறப்பட்டவர்களிடம், கண்டிச் சீமையிலே தேயிலைத் தூரைக் கிளறினால் மாசியும் தேங்காயும் கிடைக்கும் என்று சொல்லப்பட்டதாக இன்றும் எல்லாத் தோட்டங்களிலும் ஒரு கதை வழங்குகிறது. அதை அவர்கள் நம்பினார்கள் என்று நாம் நகைப்பதுண்டு. தொல்காப்பியர் பொருளில் அவர்கள் நம்பத்தான் செய்தார்கள், அதாவது விரும்பினார்கள். தெளிந்தார்கள் என்று எவரும் சொல்லவில்லை. பசித்தவனிடம் சோற்றைப் பற்றிச் சொல்லப்படும் பொய்யை ஆராய்ந்து தெளியும்படி அவனை எதிர்பார்ப்பது, வயிறு நிறைந்தவர்களுடைய தர்க்க சாஸ்திரம்.

சொல்லின் பெயர்வடிவத்தை விட அதனோடு சேரும் வினைகளே அதிக விஷயத்தைக் காட்டும். நம்பிக்கை வைக்கிறோம், நம்பிக்கை ஊட்டுகிறோம், நம்பிக்கை தளர்கிறது, அறுகிறது, நம்பிக்கை பொய்க்கிறது. இறுதியிற் சொன்ன பொய்த்தல் என்னும் வினை தமிழில் மழைக்கும் உரியது. மழை பொய்த்தது என்று உழவன் கூறும்போது தன் வயலின்மேலோ தன் மேலோ அவன் பழி சுமத்துவதில்லை. வருவதாக இருந்தது வரவில்லை, அது பொய் சொல்லிவிட்டது என்பதே பொருள். வடகீழ்ப் பருவக்காற்றை நோக்கிச் சேனைகளும் குளத்துக் கீழ் வயல்களும் காத்திருக்கும் இந்த மொனராகலை மாவட்டத்தில் இவ்வினையின் அர்த்தத்தை அகராதி பார்த்து அறிய வேண்டியவர் ஒருவரும் இரார். நம்பிக்கை பொய்த்தது என்ற பிரயோகம் அச்சில் அருகி வருவதும், அவநம்பிக்கை என்ற பிரயோகம் பெருகி வருவதும் தற்செயல் என்று நான் கருதவில்லை.

நம் அயலவராகிய சிங்கள மக்கள் இவ்விஷயத்தை எப்படிச் சொல்கின்றனர் என்பதும் நோக்கத்தக்கது. பாராளுமன்றத்தில் ஓர் அரசாங்கத்துக்கோ பிரதமருக்கோ எதிராகக் கொண்டுவரப்படுவதைத் தமிழ்நாட்டார் நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்பர்; இலங்கையில் நாம் நம்பிக்கையில்லாப் பிரேரணை என்போம். 2018 ஏப்ரலில் அன்றைய பிரதமருக்கு எதிரான பிரேரணை 76க்கு 122 என்ற வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டபோது நம் பத்திரிகைகள் அனைத்தும் இத்தொடரையே எழுதின. சிங்களத்திலோ அதற்கு விஸ்வாஸ பங்கம் என்று பெயர். பங்கம் என்பது முறிவு. நாம் இல்லாமையைச் சொல்லும் இடத்தில் அவர்கள் உடைப்பைச் சொல்கின்றனர். இல்லாமைக்குக் கர்த்தா தேவையில்லை, உடைப்புக்கு உடைத்தவன் ஒருவன் வேண்டும்.

உடைப்பைப் பற்றிப் பேச இந்த மண்ணுக்கு உரிமையும் உண்டு. 1815 மார்ச் மாதத்துக் கண்டி ஒப்பந்தத்தில் பிரிட்டிஷார் கண்டிப் பிரதானிகளுக்கும் அவர்தம் சமயத்துக்கும் அளித்த வாக்குறுதிகளின் மீது கொண்ட நம்பிக்கை இரண்டே ஆண்டுகளில் தகர்ந்து, 1817இல் இந்த வெல்லஸ்ஸப் பகுதியிலேதான் கிளர்ச்சி மூண்டது. அதை அடக்க அரசாங்கத்தால் அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை, தமக்குத் தரப்பட்ட ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்துகொண்டார் என்று சரித்திரம் கூறும். 1818 நவம்பரில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவரை அவநம்பிக்கை கொண்டவர் என்று எந்தச் சிங்களப் பாடநூலும் எழுதவில்லை.

இப்போது தோட்டத்துப் பேச்சுக்கு வருகிறேன். லயத்து இஸ்தோப்பிலும், பிரட்டுக் களத்திலும், கொழுந்து நிறுக்கும் இடத்திலும், ரப்பர் பால் சேர்க்கும் கொட்டகையிலும் அவநம்பிக்கை என்ற சொல் கேட்கப்படுவது அரிதினும் அரிது. 'நம்பிக்கையெல்லாம் விட்டுப்போச்சுங்க' என்பார்கள். 'மனசு விட்டுப்போச்சு' என்பார்கள். 'நம்பி மோசம் போனோம்' என்பார்கள். கோபம் மிகுந்தால் 'நம்ப வச்சு கழுத்தறுத்துட்டாங்க' என்பார்கள். இவற்றை இலக்கணக் கண்ணோடு பாருங்கள். எழுத்துத் தமிழில் 'நான் நம்பிக்கை இழந்தேன்' என்றால் எழுவாய் நான். இழந்த வினை என்னுடையது. என் கையிலிருந்ததை நான்தான் பேணாமல் போனேன் என்று கூட அதற்கு அர்த்தம் பண்ணலாம். 'எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு' என்பதில் நான் நான்காம் வேற்றுமைக்குப் போய்விடுகிறேன். நம்பிக்கை எழுவாயாகி, அதுவே என்னை விட்டு நீங்குகிறது. பசியும் தூக்கமும் காய்ச்சலும் நம் விருப்பத்தைக் கேளாமல் நமக்கு வருவதும் போவதும் எந்த இலக்கண வடிவிற் சொல்லப்படுமோ, அதே வடிவம் இது. மூன்றாவது வாக்கியத்தில் உள்ள மோசம் என்னும் சொல், திருட்டைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது என்பர். ஆகவே மோசம் போனவன் தன் நம்பிக்கையைத் தொலைத்தவன் அல்லன், திருடப்பட்டவன். நான்காவது தொடருக்கு வியாக்கியானமே வேண்டியதில்லை: அறுத்தவர்கள் வாக்கியத்திலேயே இருக்கின்றார்கள்.

பள்ளிக்கூடம் அதிகம் பாராத மக்கள், வினைமுதலையும் வேற்றுமையையும் இவ்வளவு நேர்த்தியாகப் பங்கிட்டு வழங்கி வருகையில், படித்தவர்களாகிய நாம் அவர்களுடைய சரித்திரம் முழுவதையும் ஒரே ஒரு முன்னொட்டுக்குள் அடைத்துவிட்டோம்.

அச்சரித்திரத்தில் நம்பிக்கை விட்டுப்போன தருணங்கள் தேதியோடும் சட்ட இலக்கத்தோடும் சொல்லக்கூடியவை. கங்காணியின் கடன் எவ்வளவோ அதைத் தீர்த்தால் அவனையும் அவனுடைய ஆட்களையும் விடுவிப்பேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த காகிதம் துண்டு எனப்பட்டது. அத்துண்டின் மூலம் மக்கள் கைமாறினர். அம்முறை 1921இலேதான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. பற்று என்ற சொல் பாசத்துக்கும் கணக்கேட்டிலுள்ள கடனுக்கும் பொதுவாக இருப்பது தமிழின் ஒரு விசித்திரம். தோட்டத்தில் ஒருவனை நிறுத்தி வைத்தது எந்தப் பற்று என்று அந்நாளிற் கேட்டிருந்தால் கணக்கப்பிள்ளையிடம்தான் விடை கிடைத்திருக்கும்.

அதன் பின் 1947ஆம் ஆண்டுத் தேர்தல். இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். வேறு பல தொகுதிகளிலும் தோட்டத்து வாக்குகள் முடிவை மாற்றின. மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரைப் பிரஜைகள் அல்லாதவர் ஆக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் விண்ணப்பம் செய்து பிரஜாவுரிமை பெறலாம் என்று ஒரு வாசலைத் திறந்தது. அதே ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையைப் பறித்தது. அந்த விண்ணப்ப வாசலின் அகலத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ச்சியாக இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். பிறப்பைப் பதியாமலே பிள்ளை வளர்ந்த லயங்களில், பெயர் செக்ரோலில் ஒருவிதமாகவும் கோயில் வரிக் கணக்கில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருந்த மக்களிடம் இந்த நிரூபணம் கேட்கப்பட்டது. காங்கிரஸார் முதலில் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்து, பின்னர் மனம் மாறி, 1951 ஆகஸ்டில் முடியவிருந்த தவணைக்குள் அவசர அவசரமாக விண்ணப்பங்களை நிரப்பினர். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. ஏற்கப்பட்டவர் சுமார் 1,34,000 பேர்.

நான் உங்களைச் சற்றே நிறுத்திச் சிந்திக்கச் சொல்வது இங்கேதான். வாக்குரிமையைப் பறித்த அரசாங்கத்தின் படிவத்தை வாங்கி, அதை நிரப்பி, ரேகை வைத்து, தபாலில் சேர்த்துவிட்டுக் காத்திருந்த எட்டு லட்சம் பேரைக் காட்டிலும் அதிக நம்பிக்கை உடைய ஜனங்களை எந்தத் தேசத்தில் காண முடியும்? அவர்களுடைய பிள்ளைகளைத்தான் அவநம்பிக்கை உடையவர்கள் என்கிறோம். 1964 அக்டோபர் 30ஆந் தேதி சிறிமா பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று பங்கிட்டது. பின்னர் பேசியபோது, 1974இல், அவர்களைச் சரிபாதியாக வகுத்துக்கொண்டனர். ஒரே காம்பராவில் தாய்க்கு ஒரு நாடும் மகனுக்கு ஒரு நாடும் விழுந்த குடும்பங்கள் ஊவாவில் எத்தனையோ உண்டு. போனவர்களுக்கு அங்கே சிலோன்காரர் என்று பெயர்; இருந்தவர்களுக்கு இங்கே கள்ளத்தோணி என்று பெயர். அவநம்பிக்கை என்ற சொல்லுக்கு மிகச் சரியான உதாரணம் வேண்டுமென்றால், ஆராயாமலே ஒரு மக்கட் கூட்டத்தின் மேல் பிறர் சுமத்திய அந்தக் கள்ளத்தோணி என்ற பட்டத்தையே காட்டுவேன். எஞ்சியவர்களின் நாடற்ற நிலை சட்டப்படி முற்றும் தீர்ந்தது 2003ஆம் ஆண்டில்.

பொருளாதார விவகாரத்தில் இதே சொல் எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோப்பிச் செடியை அழித்த இலைத்துரு நோய் இத்தீவில் முதன்முதற் காணப்பட்டது 1869இல், நமது மடூல்சீமைப் பகுதியிலே. பதினைந்து ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் நாசமாகி, அவற்றுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதத்தில் முறிந்தது. அவ்வங்கியின் நோட்டுகள் அந்நாளில் இத்தீவெங்கும் புழங்கின. பொதுமக்களுக்கு அவற்றின் மேலிருந்த நம்பிக்கை ஒரு நாளிற் போயிற்று. அப்போது தேசாதிபதி ஆர்தர் கோர்டன், மக்களிடம் நிலவும் அவநம்பிக்கையைப் பற்றி உபதேசம் செய்துகொண்டிராமல், அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். அவ்வாண்டிலேயே நோட்டு வெளியிடும் பொறுப்பையும் அரசாங்கம் ஏற்றது. பணக்காரனின் நம்பிக்கை போனால் அதற்கு ஈடு கட்டுவது முறை என்பதை அன்றைய ஆட்சியாளர் நன்றாக அறிந்திருந்தனர். தமிழும் அறிந்திருந்தது: நாணயம் என்ற ஒரே சொல்லில் காசையும் நேர்மையையும் சேர்த்து வைத்திருக்கிறது, வாக்குத் தவறியவனை நாணயம் கெட்டவன் என்று சொல்லும், அவனிடம் ஏமாந்தவனைச் சொல்லாது. ஒல்லாந்தர் காலத்து வியாபாரத்தின் எச்சமாக நம் ஈழத்துத் தமிழில் வங்குரோத்து என்ற சொல்லும் உண்டு; 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நாடே நிறுத்தியபோது அச்சொல் மீண்டும் எல்லோர் வாயிலும் புகுந்தது. அப்போதும் கடன் கொடுத்தவர்களை அவநம்பிக்கைவாதிகள் என்று யாரும் வையவில்லை.

நம்பிக்கை என்ற சொல்லைச் சட்டம் தன் தலைப்பிலேயே வைத்திருக்கும் ஓர் உதாரணத்தையும் விட்டுவிடக் கூடாது. தொழில் செய்பவர்களுக்காக 1958இல் ஊழியர் சேமலாப நிதியும், 1980இல் ஊழியர் நம்பிக்கை நிதியமும் சட்டத்தால் அமைக்கப்பட்டன. பின்னதற்கு முதலாளி மாதந்தோறும் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று வீதம் கட்ட வேண்டும். ஓய்வு பெற்ற பின் அந்தத் தொகையை வாங்கப் போய், தோட்டம் ஒழுங்காகக் கட்டவில்லை என்று அறிந்து திரும்பிய ஒரு முதியவரிடம், 'உங்களுக்கு நம்பிக்கை நிதியத்தில் என்ன இருக்கிறது?' என்று கேட்டபோது, 'பேரு இருக்குங்கய்யா' என்றார். அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

மனத்தளர்ச்சியைக் குறிக்க நாம் வழங்கும் இன்னும் சில வடசொற்களின் விதி மிகவும் சுவாரஸ்யமானது. நிராசை என்பது வடமொழி ஞான நூல்களில் ஆசை நீங்கிய உயர்ந்த நிலை. நம் பேச்சில் அது விரும்பியது கிட்டாத ஏக்கம். விரக்தி என்பதும் அவ்வாறே. சாயம் ஏறுதல், பற்றுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து, பற்று நீங்கிய துறவு மனத்தைக் குறிக்கப் பிறந்தது அது. விரக்தர் என்றால் பெரியோர் என்பது சித்தாந்த நூல்களைப் பயின்றவர்களுக்குத் தெரியும். இன்றோ விரக்தி என்றால், எதுவும் நடக்கப் போவதில்லை என்று கைவிட்ட நிலை. ஆனால் அதே வேரிலிருந்து, அதே முன்னொட்டோடு பிறந்த உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது, அதுதான் வைராக்கியம். அதற்கும் வடமொழியில் பற்றின்மை என்றே அர்த்தம். தமிழில் அது எடுத்த காரியத்தை விடாத பிடிவாதம் ஆயிற்று. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் ஒருவர் சோர்ந்து உட்கார, மற்றவர் எழுந்து நடந்துவிட்டார். தோட்டங்களில் இவ்விரண்டும் வழக்கில் உள்ளன, கேட்டவர்கள் அறிவார்கள். 'வைராக்கியமா இருந்து புள்ளைய படிக்க வச்சேன்' என்று கூறும் தாய், துரையிடத்திலும் தலைவரிடத்திலும் மந்திரியிடத்திலும் வைத்த நம்பிக்கை விட்டுப்போன பிறகே அந்த வைராக்கியத்துக்கு வந்தவள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின் ஊவாவில் உருவாகிய ஆசிரியர் பரம்பரை ஒன்று இந்த மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறது. உங்கள் தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு மறுப்பையும் நான் எதிர்கொள்ளத்தான் வேண்டும். நம் மக்களிடம் உண்மையாகவே அவநம்பிக்கை என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. புதிதாக எவர் ஒரு கணக்கெடுப்புத் தாளோடு லயத்துக்குள் வந்தாலும், அது எதற்காக என்று கேளாமலே கதவைச் சாத்தும் பழக்கம் உண்டு. ஒரு தொழிற்சங்கத்தின் சந்தாவை நிறுத்தி இன்னொன்றுக்கு மாறி, அதையும் முதல் நாளிலிருந்தே ஐயுறும் வழக்கம் உண்டு. நமக்குள்ளேயே பிரதேசத்தாலும் ஜாதியாலும் ஒருவரையொருவர் நம்பாத சிறுமையும் உண்டு. ஆராயாமல் ஐயுறும் இவற்றுக்கு அச்சொல்லை வழங்கிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபமில்லை. ஆராய்ந்த பின் வந்த முடிவுக்கு அதை வழங்குவதைத்தான் மறுக்கிறேன்.

அதற்குக் கடைசியாக ஓர் உதாரணம். இங்கிருந்து வெல்லவாயை வழியாக மேலேறினால் வரும் கொஸ்லாந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 அக்டோபர் 29ஆந் தேதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சரிவுக்குப் பின்னர், எச்சரிக்கையைக் கேட்டும் மக்கள் ஏன் இடம் பெயரவில்லை என்ற கேள்வி எழுந்தது. அதிகாரிகள் மேல் அவர்களுக்கு அவநம்பிக்கை என்ற விடையும் உடனே தயாராக இருந்தது. மலை சரியும் என்ற சொல்லை அவர்கள் ஐயுற்றார்கள் என்பதற்குச் சான்றில்லை. அம்மண்ணை அவர்களை விட நன்கறிந்தவர் யார்? பெயர்ந்து போவதற்கு ஓர் இடம் தரப்படவில்லை. தாம் வாழும் காம்பராவே தமக்குச் சொந்தமில்லாத ஜனங்கள், தோட்டத்தை விட்டு வேறெங்கே போய்க் குந்துவது? புதிய வீடுகள் கையளிக்கப்பட ஈராண்டு ஆயிற்று, அதுவும் மலை விழுந்த பின். இதே காலத்தில்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கையும் வாக்குறுதியும் மேடை தோறும் முழங்கி, 2019 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாயில் நின்று, 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் நிறைவேறியது. நிறைவேறிய அடுத்த ஆண்டே பொருளாதாரம் சரிந்து, அந்த ஆயிரத்தில் வாங்கக்கூடிய மாவும் அரிசியும் பாதியாகக் குறைந்தன. 'நம்புறதுக்கு என்னங்க இருக்கு?' என்று இதற்குப் பின் ஒருவர் கேட்டால், அவர் வள்ளுவர் விதித்தபடி தெரிந்தே தெளிந்திருக்கிறார்.

ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னொட்டாக்கிக்கொண்ட தெளிவத்தை ஜோசப், 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவலிலும் தம் சிறுகதைகளிலும் இம்மக்களின் பேச்சை எழுத்திற் கொண்டு வந்தார். அவரைப் போன்ற ஒருசிலர் செய்தது தவிர, தோட்டத்துச் சொற்களை ஊர் ஊராகத் தொகுத்து அகராதியாக்கும் வேலை போதிய அளவு நடைபெறவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1936இல் அதன் ஆறாம் தொகுதியோடு நிறைவெய்தியபோது, நம் தோட்டங்கள் நூறாண்டை எட்டிக்கொண்டிருந்தன.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இரண்டே. மனு எழுதும்போதும், கூட்டக் குறிப்பு எழுதும்போதும், பரீட்சைக் கட்டுரை எழுதும்போதும், 'மக்களிடையே அவநம்பிக்கை' என்று பேனா தானாக ஓடினால், அங்கே நிறுத்தி, எந்த வாக்கு, யார் கொடுத்தது, எந்த ஆண்டில், எவ்வளவு தொகை என்று எழுதுங்கள். இடம் மிஞ்சினால் பிறகு அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். மற்றொன்று, வருகின்ற விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் அம்மாயி, அப்பாயி, தாத்தாமாரிடம் உட்கார்ந்து, மனம் விட்டுப்போனதையும் ஏமாந்ததையும் பிறகு வைராக்கியம் பிடித்ததையும் அவர்கள் எந்தச் சொற்களால் சொல்கிறார்களோ அந்தச் சொற்களாலேயே, திருத்தாமல், தோட்டத்தின் பெயரோடும் சொன்னவரின் வயதோடும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு இம்மேடையில் பேச வருபவர் யாராயினும், அவர் பேச்சைத் தொடங்குமுன் அந்தக் கொப்பிகளை அவர் கையிற் கொடுங்கள்.